வண்ணப்படத்துக்கு மதிப்பெண் கிடையாது

செயல்திட்டத் தேர்வு நடக்கும் மாதங்களில் சில பொறியியல் கல்லூரிகளுக்குப் புறத்தேர்வாளராகப் போவேன். ஒளியைச் சில்லுக்குள் ஓடவிடும் ஃபோட்டானிக்ஸ் துறையை எடுத்த மாணவர் என்றால் கடைசி ஸ்லைடில் என்ன இருக்கும் என்பது பார்க்காமலே தெரியும். கருநீலப் பின்னணியில் சிவப்பும் மஞ்சளுமாக ஓர் ஒளியலை வேவ்கைடுக்குள், அதாவது ஒளியை வழிநடத்தும் நுண்பாதைக்குள், வளைந்து ஓடும். அதன் கீழே "கடத்துதிறன் 98.73 சதவீதம்" என்று இருக்கும். உள்ளே விட்ட ஒளியில் அவ்வளவு மறுமுனைக்குப் போய்ச் சேருகிறதாம். அந்தப் புள்ளி எழுபத்து மூன்று எப்படி வந்தது என்று கேட்டால், "சாப்ட்வேர் கொடுத்தது சார்" என்பார்கள். கல்யாண ஆல்பத்தைப் பார்த்துக் குடித்தனத்தை எடைபோடுவது போலத்தான் இதுவும்.

வேவ்கைடின் அகலம் சற்று மாறினால் விடை எவ்வளவு மாறும் என்று காட்டாத சிமுலேஷனை, அதாவது கணினியில் செய்த பரிசோதனையை, நான் முடிவாக ஏற்பதில்லை. கடுமையாக இருக்கிறேன் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். சிலிக்கான் சில்லில் ஒளி ஓடும் பாதை பெரும்பாலும் 220 நானோமீட்டர் உயரமும் 450 நானோமீட்டர் அகலமும் கொண்ட ஒரு கம்பி. 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் சிலிக்கானின் ஒளிவிலகல் எண் சுமார் 3.48, அதைச் சுற்றியுள்ள சிலிக்கா கண்ணாடிக்கு 1.44. இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதால்தான் சில மைக்ரோமீட்டர் ஆரத்திலேயே ஒளியைத் திருப்பிவிட முடிகிறது. அதே வேறுபாடுதான் கம்பியின் ஒவ்வொரு நானோமீட்டரையும் ஒளி உணரும்படி செய்கிறது. பக்கச்சுவரில் இருக்கும் சொரசொரப்பு ஒன்றே ஒரு சென்டிமீட்டருக்கு 2, 3 டெசிபல் வரை, அதாவது ஏறக்குறைய பாதி வரை, ஒளியைச் சிதறடித்துவிடும். மாணவர் வரைந்த கம்பியின் சுவரோ கணினியில் கண்ணாடிபோல் வழவழப்பாக நிற்கிறது.

வளைய ஒத்ததிர்வியை எடுத்துக்கொள்வோம். நேர்கம்பி ஒன்றின் பக்கத்தில் வைத்த வட்டக் கம்பி அது; சில குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டும் பிடித்துச் சுழலவிடும், அவைதான் ஒத்ததிர்வுகள். பாதிப்பேர் அதைத்தான் கொண்டுவருகிறார்கள். ஆரம் 10 மைக்ரோமீட்டர் என்றால் சுற்றளவு 62.8. ஒளித்துடிப்பு கம்பியில் எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது என்பதைச் சொல்லும் குழுக் குறியீட்டெண்ணை 4.2 என்று வைத்துக்கொண்டு, அலைநீளத்தின் வர்க்கத்தை இவ்விரண்டின் பெருக்கத்தால் வகுத்தால், அடுத்தடுத்த ஒத்ததிர்வுகளுக்கு இடையே சுமார் 9 நானோமீட்டர் என்று வந்துவிடும். இதற்குப் பேனாவும் காகிதமும் போதும். தொழிற்கூடத்தில் கம்பியின் அகலம் 1 நானோமீட்டர் பிசகினால் ஒத்ததிர்வும் ஏறத்தாழ 1 நானோமீட்டர் நகரும். தடிமன் பிசகினால் இன்னும் மோசம். ஐந்து நானோமீட்டர் பிசகு என்றால், ஒத்ததிர்வு நாம் எதிர்பார்த்த இடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே எங்கோ போய் உட்கார்ந்திருக்கும். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் அது மேலும் 0.07, 0.08 நானோமீட்டர் நகரும். பத்து டிகிரியில் தொலைத்தொடர்பின் ஒரு 100 கிகாஹெர்ட்ஸ் தடத்தையே ஏறக்குறைய தாண்டிவிடுகிறது. வளையத்தின் மேல் சூடேற்றி என்ற சிறு கருவியை வைத்து அதைத் திரும்ப இழுத்து நிறுத்துவது இதனால்தான். சூடேற்றிக்கு எவ்வளவு மின்திறன் ஒதுக்கினாய் என்ற கேள்விக்கு 98.73 பதில் சொல்லாது.

இன்னொரு கோபம், எதை எடுத்தாலும் எஃப்.டி.டி.டி. என்ற சிமுலேஷன் முறைதான் என்பதில். 1966இல் கேன் யீ வகுத்த முறை அது. ஒளியின் நடத்தையைச் சொல்லும் மேக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கட்டம் கட்டமாக, நொடித்துளி நொடித்துளியாக நேரடியாகத் தீர்க்கும். அருமையான முறை, ஆனால் செலவாளி. முப்பரிமாணத்தில் கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் கட்டங்கள் எட்டு மடங்காகும். காலப்படியும் பாதியாவதால் வேலை பதினாறு மடங்காகும். 20 நானோமீட்டர் கட்டத்தில் ஒரு காலப்படி 0.04 ஃபெம்டோவிநாடியைக்கூட எட்டாது. நல்ல தரமுள்ள வளையத்தில் ஒளி நூறு பிக்கோவிநாடி வரை சுற்றிக்கொண்டே இருக்கும். அதை முழுதாகப் பார்க்க இருபத்தைந்து லட்சம் படிகள் வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு, வரைபடத்தில் வரும் நெளிவுகளுக்கு விளக்கம் எழுதுகிறவர்கள் உண்டு. வளையமும் நேர்கம்பியும் நெருங்கும் சிறு பகுதிக்கு மட்டும் எஃப்.டி.டி.டி. போட்டு, மிச்சச் சுற்றைச் சூத்திரத்தால் முடிப்பதே நடைமுறை.

எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம். வேகமாக முடிகிறது என்று பீம் ப்ராப்பகேஷன் என்ற இன்னொரு சிமுலேஷன் முறையை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள். ஒளி முன்னோக்கியே, அதிகம் சாயாமல் போகிறது என்ற அனுமானத்தில் பிறந்த முறை அது. மெல்ல விரியும் கண்ணாடி வேவ்கைடுக்கு நன்றாகப் பொருந்தும். திடீரென்று அறுந்து நிற்கும் சிலிக்கான் முனையில் திரும்பி வரும் ஒளி அதன் சாதாரண வடிவத்தின் கண்ணுக்கே தெரியாது. "பின்னெதிரொளிப்பு பூஜ்யம்" என்று ஒருவர் அறிக்கையில் எழுதியிருந்தார். பூஜ்யம்தான், அந்த சாப்ட்வேரில்!

1969இல் பெல் ஆய்வகத்தில் மார்க்கட்டிலி செவ்வக வேவ்கைடுக்கான கணக்கைத் தோராயமாகப் போட்டபோது, நான்கு மூலைகளிலும் உள்ள புலத்தை விட்டுவிட்டார். விட்டதைச் சொல்லியும் வைத்தார். சிலிக்கான் கம்பிக்கு அவருடைய சூத்திரம் துல்லியமாக வராது. ஆனாலும் எதை விட்டோம் என்பது தெரிந்திருந்தது. இன்று மெஷ், அதாவது கணக்கிடும் கட்டம், என்ன அளவு என்று கேட்டால், "ஆட்டோமேட்டிக்" என்கிறார்கள்.

லைசென்ஸ் வாங்கக் கல்லூரியிடம் பணமில்லை என்ற வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. இந்த சிமுலேஷன் சாப்ட்வேரை விற்கும், வான்கூவரில் தொடங்கிய லூமெரிக்கல் நிறுவனம் 2020இல் ஆன்சிஸ் நிறுவனத்திடம் போனது. 2025இல் ஆன்சிஸையே சினாப்சிஸ் வாங்கிவிட்டது. விலை இறங்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் எம்.ஐ.டி.யில் உருவான மீப் என்ற எஃப்.டி.டி.டி. சாப்ட்வேர் இலவசம். மூலநிரலே திறந்து கிடக்கிறது. சில்லின் வரைபடத்துக்கு கேலேஅவுட், ஜிடிஎஸ்ஃபேக்டரி இரண்டும் அப்படியே. இருபரிமாணத்தில் அகலத்தைப் பத்து நானோமீட்டர் கூட்டியும் குறைத்தும், மெஷ்ஷை ஒருமுறை பாதியாக்கியும் ஓட்டிப் பார்க்கச் சாதாரண மடிக்கணினி போதும். இரவில் ஓடவிட்டுத் தூங்கினால் காலையில் அட்டவணை தயாராக இருக்கும். அந்த அட்டவணையை முதல் ஸ்லைடிலேயே போடுங்கள். படம் பின்னிணைப்பில் இருந்தால் போதும்.