ஓசு கேமராவை நகர்த்தவே இல்லையா?

“ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு வாழ்நாளில் ஒரு படத்தில்கூட கேமராவை நகர்த்தியதில்லை” என்று ஒரு வாட்ஸ்அப் பதிவு சுற்றுகிறது. பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் தவறு.

1958 முதல் அவர் எடுத்த வண்ணப்படங்களுக்கு இது பொருந்தும்; எல்லாப் படங்களுக்கும் அல்ல. 1932இல் வந்த ‘ஐ வாஸ் பார்ன், பட்…’ மௌனப்படத்தில் கேமரா வகுப்பறை மேசைகளை ஒட்டி ஓடுகிறது. அப்படியே அங்கே படிக்கும் பையன்களுடைய அப்பாவின் அலுவலகத்துக்குத் தாவி, கொட்டாவி விடும் குமாஸ்தாக்களைக் கடந்து போகிறது. பள்ளியும் ஆபீசும் ஒன்றுதான் என்ற கேலி, கேமரா நகராவிட்டால் எடுபடாது. ‘ஏர்லி சம்மர்’ (1951) படத்தின் மணல்மேட்டுக் காட்சியில் கேமராவைக் கிரேனில் ஏற்றி உயர்த்தி எடுக்கும் கிரேன் ஷாட்டே உண்டு.

‘டோக்கியோ ஸ்டோரி’யில் (1953), பிள்ளைகள் வீட்டில் இடமில்லாத முதிய தம்பதி டோக்கியோவின் உவேனோ பகுதியில் உட்கார்ந்திருப்பார்கள். கேமரா சுவரோரமாக மெல்ல நகர்ந்துதான் அவர்களைக் காட்டும். சுற்றிலும் அசையாத ஷாட்கள் என்பதால் அந்தச் சின்ன நகர்வு நெஞ்சை என்னவோ செய்கிறது. என் கணக்கில் அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

சந்தேகம் இருந்தால் இந்த மூன்று படங்களையும் பாருங்கள். அந்தப் பதிவு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.