பெஞ்ச் விஷயம்: இன்னொரு தடவை, கொஞ்சம் நீளமாக

எங்கள் பம்ப் கம்பெனியில் ஷிஃப்ட் மாறும்போது நாங்கள் உட்கார்ந்து பேசுகிற பெஞ்சை எடுத்துவிட்டார்கள் என்று போன செவ்வாய்க்கிழமை ஃபேஸ்புக்கில் நான் எழுதியது ஆறே வரி. அதற்கு வந்த கமெண்ட்டுகளைப் படித்து முடிக்க இரண்டு நாள் ஆனது. பாதிப் பேர் 'சூப்பர் அண்ணா' என்று போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள், நன்றி. மீதிப் பேர் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறீர்கள். 'உட்கார்ந்தே பழகினவனுக்கு நின்னா கால் வலிக்கத்தான் செய்யும்' என்று ஒருவர் எழுதி, பக்கத்தில் மூன்று சிரிப்பு பொம்மை. அதற்கு 47 லைக். அந்த 47-ல் என் சொந்தக்காரர்கள் இரண்டு பேர். பார்த்துக்கொண்டேன்.

சரி, மறுபடியும் சொல்கிறேன். நான் பெஞ்சுக்காக அழவில்லை. அது ஓட்டை பெஞ்ச். மரப்பலகை, இரும்புக் கால், உட்காரும் இடமெல்லாம் கிரீஸ் கறை. பம்பை ஓட்டிச் சோதிக்கிற டெஸ்ட் பெட்டுக்குப் பக்கத்தில் பதினைந்து வருஷமாகக் கிடந்தது. ஷிஃப்ட் மாறும்போது போகிறவர்களும் வருகிறவர்களும் அங்கே ஒரு பத்து நிமிஷம் டீயோடு உட்காருவோம். இன்றைக்கு எது ஒழுங்காக ஓடியது, எது மக்கர் பண்ணியது, எந்த லாட் காஸ்டிங்கில், அதாவது வார்ப்பில், ஓட்டை விழுந்து வந்திருக்கிறது என்று பேச்சு போகும். நடுநடுவே மாப்பிள்ளை பார்த்த கதை, சீட்டுப் பணம் கதை எல்லாம் வரும். வராமல் இருக்குமா?

அந்த பெஞ்சைத் தூக்கிவிட்டு அங்கே ஒரு செல்ஃபி பாயிண்ட் வைத்திருக்கிறார்கள். தெர்மாகோலில் இரண்டு இறக்கை. நடுவில் நின்றால் தேவதை மாதிரி தெரியுமாம். மேலே 'என் வேலை, என் பெருமை'. ஊழியர் உற்சாக வாரம் அல்லவா. கூடவே ஓர் அறிவிப்பு: இனிமேல் ஷிஃப்ட் ஒப்படைப்புக்கு யாரும் கூடி நிற்க வேண்டாம், ஆப்பில் டிக் அடித்தால் போதும். டிக் அடித்ததும் ஒரு மஞ்சள் முகம் சிரிக்கும்.

ஆட்களுக்கு வேலையில் ஈடுபாடு வர வேண்டும் என்று இத்தனை செலவு செய்கிறவர்களுக்கு, அவர்கள் தாங்களாகவே வேலையைப் பற்றி யோசித்துப் பேசிக்கொண்டிருந்த பத்து நிமிஷம்தானா கண்ணை உறுத்தியது? இவ்வளவுதான் என் கேள்வி. இதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. என் சோம்பேறித்தனத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறீர்கள்.

கணக்கு போட்டவருக்கு முதலில் வருகிறேன். 'நாற்பது பேர், தலைக்குப் பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு 400 நிமிஷம் வேஸ்ட், முதலாளி எப்படித் தாங்குவார்' என்று கேட்டிருக்கிறார். நியாயமான கணக்கு. நானும் ஒரு கணக்கு சொல்கிறேன். சனிக்கிழமை சென்னையிலிருந்து ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரை வரவழைத்தார்கள். இரண்டரை மணி நேரம். அதே நாற்பது பேர். மொத்தம் 6,000 நிமிஷம். பதினைந்து நாள் பெஞ்ச் நேரத்தை ஒரே மதியத்தில் சாப்பிட்டார்கள். பேச்சாளரின் ஃபீஸ், பலூன், மைக் செட் எல்லாம் தனி. அதை மட்டும் முதலாளி தாங்குவாராமா?

அந்த இரண்டரை மணி நேரத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இரும்பை உருக்கி வார்க்கிற ஃபவுண்டரியில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்து உட்கார்ந்திருந்த ஓர் ஆளை எழுப்பி நிறுத்தி 'நான் சிங்கம்' என்று கத்தச் சொன்னார் பேச்சாளர். அவருக்கு ஐம்பத்து மூன்று வயது, இடுப்பில் பெல்ட் போட்டிருக்கிறார். கத்தினார். 'கேட்கலையே, இன்னொரு தடவை' என்றார் இவர். மூன்று தடவை கத்தவிட்டு எல்லோரையும் கைதட்ட வைத்தார். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் வார்ப்புக்கு அச்சு எடுக்கிற மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்தே ஈரம் கூடுதலா குறைவா என்று சொல்லிவிடுவார். அதைப் பற்றி இந்த வாரம் முழுக்க அவரிடம் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை.

இப்போது பெஞ்சால் என்ன பிரயோஜனம் என்று கேட்டவர்களுக்கு. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், வேறொரு கம்பெனியில் நடந்தது. நான் அப்போது சூப்பர்வைசராகிப் புதுசு. மார்ச் மாதம், போர்வெல்லுக்குள் தண்ணீரில் மூழ்கி ஓடுகிற சப்மெர்சிபிள் மோட்டாருக்கு ஆர்டர் கழுத்தை நெரிக்கிற நேரம். போர்வெல் போடுகிற சீசனில் எங்கள் ஊரில் மூச்சுவிட நேரமிருக்காது என்பது கோயமுத்தூர்க்காரர்களுக்குத் தெரியும். வயர் சுற்றி (வைண்டிங்) முடிந்த ஸ்டேட்டரை, அதாவது மோட்டாரின் சுழலாத பாகத்தை, தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைத்து, இன்சுலேஷனைச் சோதிக்கிற மெக்கர் கருவியைப் போட்டுப் பார்ப்போம். வயரின் இன்சுலேஷன் எங்காவது கீறியிருந்தால் அங்கே காட்டிக்கொடுத்துவிடும். அந்த வாரம் பத்து பீஸ் போட்டால் இரண்டு மூன்று அடி வாங்கியது. வயர் சப்ளையரைத் திட்டினோம், வயரை மாற்றினோம். நிற்கவில்லை. வைண்டிங்கில் இருந்த பெண்களைத் திட்டினேன். அதிலும் நிற்கவில்லை, ஆச்சரியம்!

நாலாவது நாள் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் மக்கர். வேறு வழியில்லாமல் எல்லோரும் வெளியே திண்ணையில் உட்கார்ந்தோம். அப்போது என்னைவிட மூத்த வைண்டிங் அக்கா ஒருவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "மேல் பக்கமிருந்து இழுத்தா ஒண்ணும் ஆகறதில்லீங்க சார். கீழ்ப் பக்கமிருந்து இழுத்தாத்தான் வயரு உரசுது. தகட்டுல பிசிறு நிக்குது, கையில தட்டுதுங்க."

ஸ்டேட்டருக்குத் தகடு வெட்டுகிற ஸ்டாம்பிங் டை தேய்ந்து, தகட்டின் ஓரத்தில் பிசிறு வந்துகொண்டிருந்தது. விரலை வைத்துத் தடவினால் தெரிந்துவிடும். நான் ஒருநாளும் தடவிப் பார்க்கவில்லை. எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன். "திங்கக்கெழமையில இருந்தேங்க." அன்றைக்கு வியாழன். அப்போதே சொல்லியிருக்கலாமே என்று எரிந்து விழுந்தேன். அந்த அக்கா கோபப்படாமல் சொன்னார்: "நீங்க எங்கீங்க சார் கேட்டீங்க? எத்தனை பீஸ் ஆச்சுன்னுதான கேட்டீங்க."

இதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. நாலு நாள் நான் பிரிவு பிரிவாக ஓடிக் கத்தியதில் வராத விஷயம், கரண்ட் போய் ஒரு டீ குடித்ததில் வந்தது. அந்த அக்காவுக்கு ஈடுபாடு இல்லையா? கையில் தட்டுகிறது என்று கவனித்திருக்கிறார், எந்தப் பக்கம் என்று இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார். வேறென்ன ஈடுபாடு வேண்டும்? அதைச் சொல்ல ஒரு பத்து நிமிஷமும் கேட்க ஒரு காதும் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். இந்தக் கம்பெனிக்கு வந்ததும் அந்த பெஞ்சில் போய் உட்கார நான் பழகியது அதனால்தான்.

'இதெல்லாம் உங்க ஒரு அனுபவம் சார், டேட்டா இருக்கா' என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இருக்கிறது தம்பி. பெங்களூரில் விப்ரோவில் பயிற்சிக்கு வந்தவர்களை வைத்து ஹார்வர்டு பேராசிரியர்கள் உள்ளிட்ட ஒரு குழு ஆய்வு செய்து 2014-ல் வெளியிட்டது. ஒரு கூட்டத்தை வழக்கம்போல நாள் முழுக்கப் பயிற்சி செய்யவிட்டார்கள். இன்னொரு கூட்டத்துக்கு நாளின் கடைசிப் பதினைந்து நிமிஷம் பயிற்சியை நிறுத்தி, அன்றைக்குக் கற்றதை யோசித்து எழுதச் சொன்னார்கள். பதினைந்து நிமிஷம் குறைவாகப் பயிற்சி செய்த அந்தக் கூட்டம்தான் கடைசித் தேர்வில் சுமார் 23 சதவீதம் நன்றாகச் செய்தது. அங்கே பலூன் இல்லை. பேனாவும் நோட்டும்தான்.

ஜப்பானைக் காட்டினால்தான் நம்புவோம் என்கிறவர்களுக்கு அதுவும் உண்டு. வேலை செய்கிறவர்களே சின்னக் குழுவாக உட்கார்ந்து தங்கள் வேலையில் என்ன கோளாறு என்று பேசுகிற தரவட்டம் (குவாலிட்டி சர்க்கிள்) அங்கே 1962-ல் தொடங்கியது. நம் நாட்டுக்கு 1980-ல் ஐதராபாத் பக்கம் ராமச்சந்திராபுரத்தில் இருக்கிற பெல் (BHEL) ஆலை வழியாக வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கோயமுத்தூரில் பெரிய கம்பெனி என்றால் ஒரு குவாலிட்டி சர்க்கிள் போர்டு இருக்கும். இப்போது எங்கள் கம்பெனியில் அந்த போர்டில் பிறந்தநாள் போட்டோ ஒட்டுகிறார்கள். போன மாதம் என் போட்டோவும் வந்தது. பெயரை வேறு தப்பாக எழுதியிருந்தார்கள்.

சட்டத்தையும் ஒருவர் இழுத்திருந்தார். 'உட்கார வைக்கணும்னு சட்டமா இருக்கு' என்று கிண்டல். இருந்ததுங்க. நின்றுகொண்டு வேலை செய்கிறவர்களுக்கு, வேலைக்கு நடுவில் கிடைக்கிற ஓய்வில் உட்கார இடம் வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 44-ஆம் பிரிவாக எழுதி வைத்தார்கள். துணிக்கடைப் பெண்கள் உட்கார ஒரு ஸ்டூல் கிடைக்கவோ 2021-ல் சட்டசபையில் தனியாகச் சட்டத்திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்போது 'ஆகா அருமை' என்று ஷேர் செய்தவர்கள்தான் இன்றைக்கு எனக்குச் சிரிப்பு பொம்மை போடுகிறீர்கள்.

'அந்த எச்ஆர் பொண்ணு பாவம், அதுக்குச் சொன்னதைத்தானே அது செய்யுது' என்று ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன். இருபத்தி நாலு வயசுப் பிள்ளை. அந்த இறக்கையை ராத்திரி எட்டு மணி வரை தானே உட்கார்ந்து வெட்டியது. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. சொன்னது மாதிரி இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

'உட்கார்ந்தா ஊர்க் கதைதான் பேசுவாங்க.' பேசட்டுமே. உங்கள் ஆபீஸ் காபி மிஷின் பக்கத்தில் என்ன திருக்குறளா ஓதுகிறீர்கள்?

'சங்கம் ஆரம்பிச்சிடுவாங்கன்னுதான் பெஞ்சை எடுத்தாங்க' என்று ஒருவர் எழுதியிருந்தார். இதற்கு நான் பதில் எழுதவில்லை. அவர் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம்.

'பிடிக்கலைன்னா வேலையை விட்டுட்டுப் போ.' இதை எழுதியது என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். அவன் ஒர்க்‌ஷாப்பில் லேத் பெல்ட் அறுந்தால் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஓடியவன் நான். சரிப்பா. விடுகிறேன். என் பையனின் காலேஜ் ஃபீஸை நீ கட்டுகிறாயா?

கொஞ்சம் சூடாகிவிட்டேன். எழுதியதை அழிக்கப் போவதில்லை.

நியாயமாகப் பேச வேண்டுமானால் நானும் யோக்கியன் இல்லை. நாலைந்து வருஷம் முன்னால் ஒரு டிரெய்னிப் பையன் அசெம்பிளி லைனில் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டு நின்றான். என்ன என்று கேட்டேன். "யோசிச்சிட்டு இருக்கேனுங் சார்" என்றான். "யோசிக்கறதுக்கா உனக்குச் சம்பளம்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் அப்புறம் நின்று எதையும் பார்த்து நான் பார்க்கவில்லை. ஆறு மாதத்தில் போய்விட்டான். என்ன யோசித்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வைண்டிங் அக்கா சொன்னதை அத்தனை தடவை நினைத்துப் பார்த்தவன்தான் இதையும் சொன்னேன். மேலே இருந்து எண்ணிக்கை கேட்டுக் கேட்டு, நானும் கீழே எண்ணிக்கை கேட்கிற மிஷினாகிவிட்டேன்.

எனக்கும் ஒரு பத்து நிமிஷம் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் நாளைய டார்கெட் வரும். காலை ஐந்தரைக்குச் சூரிய உதயப் படத்தோடு தன்னம்பிக்கை வாசகம் வரும். இரண்டுக்கும் கட்டைவிரல் போட வேண்டும், போடாவிட்டால் யார் போடவில்லை என்று எடுத்துச் சொல்லுவார்கள். போன வாரம் சாப்பிடும்போது பையன் சும்மா கேட்டான், "இன்னிக்கு என்னப்பா பண்ணின?" என்று. 212 என்றேன். அன்றைய புரொடக்‌ஷன். அவன் சிரித்தான், அவன் அம்மா சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக பம்ப் செய்கிற தொழிலில் இருக்கிறேன். ஏதோ ஒரு தோட்டத்தில் ராத்திரி தண்ணீர் எடுத்துக்கொண்டிருக்கிற மோட்டாரில் என் கை பட்டிருக்கும். அதைச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துக்கு வாயில் எண்தான் வந்தது.

'உள்ளே சொல்ல வேண்டியதை ஃபேஸ்புக்கில் ஏன் சொல்கிறாய்' என்கிறவர்களுக்கு: உள்ளே இரண்டு தடவை சொன்னேன். முதல் தடவை 'பாசிட்டிவா பாருங்க' என்றார்கள். இரண்டாவது தடவை, உற்சாக வாரத்துக்கான கருத்துப் படிவத்தை நீட்டி, இதில் எழுதுங்கள் என்றார்கள். ஐந்து நட்சத்திரம் இருந்தது. எழுத இடமில்லை.

பெஞ்ச் இப்போது ஸ்கிராப் யார்டில் வேப்பமரத்துக்குக் கீழே கிடக்கிறது. நேற்று மதியம் ஷிஃப்ட் முடிந்து போய்ப் பார்த்தேன். தூக்கிக்கொண்டு போனவர்கள் போட்ட வேகத்தில் ஒரு கால் வளைந்து ஆடுகிறது. கீழே ஒரு ஸ்டாம்பிங் தகட்டை மடித்து வைத்தேன், நின்றுவிட்டது. உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் டெஸ்ட் பெட் ஆள் ஒருவர் டீயோடு வந்தார். பின்னாலேயே அந்த ஃபவுண்டரிக்காரரும். வந்தவர் உட்காராமல், "காலையில வந்த மண்ணு சரியில்லீங்க சார்" என்று ஆரம்பித்தார். நான் நகர்ந்து இடம் விட்டேன்.