இது யாரோட கை?

போன மாதம் ஒரு தம்பி வந்திருந்தார். போனில் ஒரு டாட்டூப் படம் காட்டினார். தோளிலிருந்து முழங்கை வரை அடர்ந்த கறுப்பு, நடுநடுவே முக்கோண வரிசைகள், ஒரு பெரிய சுழல், அதைச் சுற்றி அலை அலையாக வளைவுகள். "அண்ணா, இதை அப்படியே போட்டு விடுங்க. பாலினீசியன் டிசைன்" என்றார்.

"இது யாரோட கை தம்பி?" என்று கேட்டேன்.

"தெரியலண்ணா. நெட்ல எடுத்தது."

இந்த உரையாடல் எனக்குப் புதிதல்ல. டாட்டூவுக்கு வரையத் தொடங்கி பதினொரு வருடம் ஆகிறது, மாதத்துக்கு இரண்டு மூன்று முறையாவது இதே படம், இதே வார்த்தை. அதனால்தான் எழுதி வைக்கிறேன். பசிபிக் தீவுகளின் பாலினீசியக் கோலத்தில் ஒருவருக்கு வரைவதை நான் தவறென்று சொல்லவில்லை. இன்னொருவர் உடம்பில் முடிந்துபோன ஒரு வரைவை டிரேஸ் எடுத்து வேறொருவர் தோலில் ஒட்டுவதை மட்டும் தவறு என்கிறேன்.

1820-களில் தே பேஹி கூப்பே என்ற, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர் இங்கிலாந்துக்குப் போனார். முகம் முழுக்க மோகோ, அதாவது ஒருவரின் வம்சாவளியைச் சொல்லும் மாவோரிப் பச்சைக்கோலம். அவரை ஓவியர் ஒருவர் வரைந்தபோது, மோகோவின் கோடுகள் சரியாக வரவேண்டும் என்பதில் தே பேஹி காட்டிய அக்கறை அங்கிருந்தவர்களை வியக்க வைத்தது. பிறகு அவரே பேனா எடுத்து, கண்ணாடி பார்க்காமல், தன் முகத்தின் கோடுகள் அத்தனையையும் தாளில் வரைந்து காட்டினார். வெள்ளைக்காரர்கள் பேனாவால் எழுதும் பெயர் எனக்கு இங்கே இருக்கிறது என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார் என்கிறது அன்றைய பதிவு. 1840-இல் பிரிட்டிஷ் அரசோடு மாவோரித் தலைவர்கள் செய்த வைட்டாங்கி ஒப்பந்தத்தில் சில தலைவர்கள் கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் மோகோவின் ஒரு பகுதியைத்தான் வரைந்தார்கள்.

அப்படியென்றால் அந்தச் சுழல் ஒரு கையெழுத்து. நமக்கு அழகாகத் தெரிகிறது என்பதற்காக ஊர்பேர் தெரியாத ஒருவரின் கையெழுத்தை நம் கையில் போட்டுக்கொள்வோமா?

நானும் அதைச் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த முதல் வருடம், ஒரு பத்திரிகையில் வந்த முகப் படத்திலிருந்து மோகோவை டிரேசிங் பேப்பரில் எடுத்து ஒருவருடைய கெண்டைக்காலில் போட்டேன். கோடு சுத்தமாக வந்தது, அவருக்கு சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். யாரோ ஒருவரின் வம்சாவளியைக் கொண்டுபோய் வேறொருவர் காலில் வைத்திருக்கிறேன் என்று புரிய இரண்டு வருடம் ஆனது. அந்தக் கால் இன்றும் எங்கோ நடந்துகொண்டிருக்கிறது. அதை அழிக்க என்னால் முடியாது.

மாவோரிகள் இதற்கு ஒரு வழியையும் காட்டியிருக்கிறார்கள். மாவோரி அல்லாதவர்களுக்காக, வம்சாவளியைச் சுமக்காமல் அந்தப் பாணியில் வரைவதை 'கிரிட்டுஹி' என்கிறார்கள். கிரி என்றால் தோல், டுஹி என்றால் எழுதுவது, வரைவது. தோலில் வரைந்தது, அவ்வளவுதான். கதவை மூடாமல், எந்த வாசல் வழியாக வரவேண்டும் என்று சொல்கிற வார்த்தையாக எனக்கு அது படுகிறது.

அடுத்தது, நெட்டில் சுற்றும் அந்த அர்த்தப் பட்டியல்கள். ஆமை என்றால் நீண்ட ஆயுள், சுறாப்பல் என்றால் வீரம், ஈட்டி முனை என்றால் போராளி. கடையில் சாமான் எடுப்பது மாதிரி நான்கை எடுத்து ஒட்டினால் 'உங்கள் கதை' ஆகிவிடுமாம். பாலினீசியா ஒரு ஊர் அல்ல. ஹவாய், நியூசிலாந்து, ராப்பா நூயி (ஈஸ்டர் தீவு) என்று மூன்று மூலைகளை வைத்தால் ஒவ்வொரு பக்கமும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளும் கடல் முக்கோணம். சமோவாவின் கை வேறு, மார்க்கேசாஸ் தீவுகளின் கை வேறு. சமோவாவின் ஆண்கள் இடுப்பிலிருந்து முழங்கால் வரை குத்திக்கொள்ளும் பெஆவில் நெருக்கமான இணைகோடுகள் ஓடும், முதுகில் மேலே ஒரு படகு வடிவம் குறுக்காக உட்கார்ந்திருக்கும். மார்க்கேசாஸில் பெரிய பெரிய கறுப்புப் பரப்புகள், அவற்றின் நடுவே எனாட்டா என்ற மனித உருவங்கள். மாவோரிகளுடையது பழைய காலத்தில் எலும்பு உளியால் தோலில் வரி வரியாகச் செதுக்கியது. இவை எல்லாவற்றையும் ஒரே தோளில் கலந்து 'பாலினீசியன்' என்று பெயர் வைப்பது, நான்கு மொழிகளில் ஆளுக்கொரு வார்த்தை எடுத்து ஒரு வாக்கியம் அமைப்பது போல. எழுத்து தெரியும், பேச்சு இருக்காது.

2013-இல் நைக்கி நிறுவனம் பெஆவின் கோலத்தைப் பெண்களுக்கான உடற்பயிற்சி உடைகளில் அச்சடித்து விற்பனைக்கு வைத்தது. பெஆ ஆண்களுடையது, பெண்களுக்கு மாலு என்று தனியாக உண்டு. சமோவா மக்கள் எதிர்த்தார்கள், நிறுவனம் மன்னிப்புக் கேட்டு சரக்கைத் திரும்பப் பெற்றது. பெஆவைப் பாதியில் நிறுத்தினால் வாழ்நாள் முழுக்க அவமானம் என்று கருதும் மக்கள் அவர்கள். அத்தனை வலியையும் தாங்கி முடித்தவர்களுக்கு, கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளும் கால்சட்டையில் அதைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

பிரதி எடுப்பதே பாவம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மார்க்கேசாஸில் மிஷனரிகளும் பிரெஞ்சு ஆட்சியும் பச்சைகுத்தலைத் தடுத்து, அந்தக் கலை கிட்டத்தட்ட அழிந்தே போனது. 1897-இல் அங்கே போன கார்ல் ஃபான் டென் ஸ்டைனன் என்ற ஜெர்மானியர், மிச்சமிருந்த முதியவர்களின் உடம்புக் கோலங்களை வரைந்து பதிவு செய்தார். பல பத்தாண்டுகள் கழித்து அந்தத் தீவுகளின் பிள்ளைகள் அந்த வரைபடங்களைப் பார்த்துத்தான் பட்டுட்டிக்கி என்ற தங்கள் பச்சைகுத்தலை மறுபடி கற்றுக்கொண்டார்கள். தாத்தாவின் எழுத்தைப் பேரன் படியெடுப்பதும், வழிப்போக்கன் படியெடுப்பதும் ஒன்றாகாது.

சரி, அப்புறம் நான் எப்படி வரைகிறேன்?

முதலில் கையைப் பார்க்கிறேன், தாளை அல்ல. கையைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுக்காமல் சுற்றி, மார்க்கரால் தோளின் உருண்டை எங்கே முடிகிறது, முழங்கை மடிப்பு எங்கே, அக்குளுக்குள் தோல் எங்கே திரும்புகிறது என்று குறித்துக்கொள்வேன். அதை வெட்டிப் பிரித்தால் கை ஒரு கோணலான வரைபடமாக மேசையில் கிடக்கும். நேர்ச் சதுரமாக ஒருவருக்கும் இருந்ததில்லை. இடது கை வலது கை கூட ஒன்றாக இருக்காது. அதனால்தான் டேப்லெட்டில் ஒரு பாதியை வரைந்து மறுபாதியைப் பொத்தானில் திருப்பிப் போடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

முன்கையில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்து முழங்கை வரை நேராக ஒரு கோடு போடுங்கள். இப்போது உள்ளங்கையைக் கவிழ்த்துப் பாருங்கள். முழங்கைப் பக்கம் கோடு கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும், மணிக்கட்டுப் பக்கம் சுற்றிக்கொண்டு போய்விடும். நேர்க்கோடு திருகாணி ஆகிவிட்டது. பட்டை பட்டையாக வரும் இந்தக் கோலங்களில் இது பெரிய ஆபத்து. அதனால் ஆளை நிற்க வைத்து, கையைத் தளர்த்தித் தொங்கவிடச் சொல்லித்தான் குறிக்கிறேன். பிறகு மடக்கச் சொல்லி, தூக்கச் சொல்லி, மூன்று நிலையிலும் பார்த்துத் திருத்துவேன்.

இன்னொன்று, நான் கறுப்பை வரைவதில்லை, இடைவெளியை வரைகிறேன். மை தோலின் உள்ளடுக்கில் தங்குகிறது, வருடம் போகப் போகக் கோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கும். இன்று தாளில் அழகாகத் தெரியும் மயிரிழை இடைவெளி பத்து வருடத்தில் அடைத்துக்கொண்டு வெறும் கறுப்புத் திட்டாகும். இரண்டு கறுப்புகளுக்கு நடுவே இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைவாக நான் விடுவதில்லை. பிரஷ் பேனாவால் கறுப்பை நிரப்பி, நான்கடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பேன். தோலின் வெளிர் கோடு தனியாக எழுந்து நின்றால் சரி. இல்லையென்றால் அந்தத் தாள் குப்பைக்கு.

சமோவாவின் துஃபுங்கா, அதாவது பரம்பரைப் பச்சைகுத்தும் ஆசான், முழுப் படத்தையும் முன்கூட்டித் தோலில் ஒட்டுவதில்லை. சில வழிகாட்டிக் கோடுகள் மட்டும் போதும், மீதி கையிலும் நினைவிலும் இருக்கிறது. இரண்டு பக்கமும் உதவியாளர்கள் தோலை இழுத்துப் பிடிக்க, சீப்புப் போன்ற கருவியைக் குச்சியால் தட்டித் தட்டி அந்த நேர்க்கோடுகள் வருகின்றன. எனக்கு அந்தக் கை கிடையாது. அதனால்தான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு நேரம் எடுக்கிறேன்.

டிரேஸ் எடுக்கும்போது கை எதையும் கேட்காது, கோட்டின் மேலேயே ஓடிவிடும். ஒருவருக்கென்று வெறும் தாளில் தொடங்கினால் ஒவ்வொரு கோட்டிலும் நின்றாக வேண்டும். இது ஏன் இங்கே? இதற்குப் பக்கத்தில் என்ன? பதில் எனக்குத் தெரியாது, வந்தவரைக் கேட்டால்தான் உண்டு.

அந்தத் தம்பியைக் கேட்டேன். அரைமணி நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் தாத்தா தச்சர் என்றார், தன்னை வளர்த்தவர் என்றார். ரம்பம் இன்னும் வீட்டில் இருக்கிறதாம். கொண்டு வரச் சொன்னேன். பழைய கைரம்பம், கைப்பிடி கறுத்து வழவழப்பாகியிருந்தது. பல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும், மேலிருந்து பார்த்தால் ஒன்று இடது, ஒன்று வலது என்று மாறி மாறி விலகியிருக்கும். நடுவில் இரண்டு பற்கள் முறிந்திருந்தன. அந்த வரிசையைத்தான் தோளைச் சுற்றி மூன்று பட்டையாக வரைந்தேன். கறுப்பும் வெளிர்தோலும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் முறையை மார்க்கேசாஸ் வேலைகளைப் பார்த்துக் கற்றது என்று அவரிடம் சொன்னேன். கேட்பவர்களிடம் அவரும் அதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர்களுடைய எனாட்டாவையோ சுழலையோ நான் தொடவில்லை.

முறிந்த பல் இரண்டையும் சரிசெய்து வரையட்டுமா என்று கேட்டேன். "வேணாம்ணா, அது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

முழங்கைக்கு மேலே ஒரு பட்டைக்கு மட்டும் இடம் காலியாக விட்டிருக்கிறோம். அங்கே என்ன வரும் என்று இருவருக்கும் இன்னும் தெரியாது.