வண்டலூருக்கு முன் வயலுக்குப் போக வேண்டும்

அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு நம் டெல்டா மாவட்டப் பள்ளிகள் பல சுற்றுலாவுக்குக் கிளம்பிவிடும். இரவு பேருந்து ஏறி, விடிகாலையில் சென்னையை நெருங்கி, வண்டலூர் உயிரியல் பூங்கா, மாமல்லபுரம், மெரினா என்று ஒரே பகலில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு அன்றிரவே ஊர் திரும்புவது வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளுக்கு அது மகிழ்ச்சியான நாள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் விலங்குகளின் தகவமைப்பைக் கற்பிக்கத்தான் பூங்காவுக்கு அழைத்துச் செல்கிறோம் என்று பெற்றோரிடம் சொல்லிப் பணம் வாங்குகிறோம் என்றால், அந்தப் பாடம் அங்கே உண்மையில் நடக்க வேண்டும் என்று ஓர் அறிவியல் ஆசிரியனாக வற்புறுத்த விரும்புகிறேன்.

உயிரியல் பூங்காவில் விலங்கு இருக்கிறது. அது எந்த இடத்துக்குப் பொருந்திய உடலோடு பிறந்ததோ அந்த இடம் அங்கே இல்லை. தகவமைப்பு என்பது உடலுக்கும் இடத்துக்கும் உள்ள உறவு. ஒன்றை மட்டும் காட்டினால் பிள்ளைகள் "பெரிய வாய்", "நீள மூக்கு" என்று வியந்துவிட்டு அடுத்த அடைப்புக்கு ஓடிவிடுவார்கள். ஆகவே அந்த இடத்தை அவர்கள் மனத்தில் முன்கூட்டியே ஏற்றித்தான் பேருந்தில் ஏற்ற வேண்டும். காவிரிப் பாசனத்தில் வளரும் பிள்ளைகளுக்கு அதற்கான முதல் பாடம் பள்ளிச் சுவருக்கு வெளியே, தண்ணீர் கட்டிய வயலிலேயே இருக்கிறது.

நடவு முடிந்த வயலில் நிற்கும் நத்தைகுத்தி நாரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேலலகும் கீழலகும் நுனியில் சேர்ந்து, நடுவில் சேராமல் ஓர் இடைவெளி விட்டிருக்கும். குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் தோன்றுகிறது. வயல் நத்தையோ தன் ஓட்டின் வாயைக் கெட்டியான மூடியால் அடைத்துக்கொள்ளக் கூடியது. நாரை தன் கீழலகின் நுனியை அந்த மூடிக்கு அடியில் செலுத்தி, தசையை அறுத்து, சதையை வெளியே இழுத்துவிடுகிறது. வரப்பில் கிடக்கும் வெற்று ஓடுகளைப் பொறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உடையாத ஓடுகள் நிறையக் கிடைக்கும். அந்த நத்தையும் சாமானியமானது அன்று. அதற்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. கோடையில் வயல் காய்ந்துபோனால் சேற்றுக்குள் புதைந்து மூடியை இறுக்கிக்கொண்டு அடுத்த தண்ணீர் வரும்வரை கிடக்கும். உண்ணும் உயிரும் உண்ணப்படும் உயிரும் ஒரே வயலுக்கு எப்படிப் பொருந்தியிருக்கின்றன என்பதை ஒரு பாடவேளையில் காட்டிவிடலாம், செலவும் இல்லை.

இப்படிப் பழகிய கண்ணோடு பூங்காவுக்குள் நுழையும் பிள்ளை வேறு மாதிரிக் கேள்வி கேட்கும். நான் மாணவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி எளிமையானது. நீர்யானையின் தலையைப் பக்கவாட்டில் வரைந்து, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே ஒரு கோடு போடச் சொல்வேன். கோட்டுக்கு மேலே கண், காது, மூக்குத்துளை மூன்றும் நிற்கும், மற்ற உடல் முழுவதும் கீழே போய்விடும். அடுத்து முதலைக்கும் அதே போல் ஒரு படம். ஒருமுறை கொள்ளிடக்கரைக் கிராமத்துப் பெண் பிள்ளை ஒருத்தி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், எங்க குளத்துத் தவளைக்கும் இதே கோடுதான் சார் வரும்" என்றாள். நெருங்கிய உறவே இல்லாத மூன்று விலங்குகள், தண்ணீருக்குள் மறைந்தபடி வெளியே பார்க்கவும் மூச்சுவிடவும் வேண்டிய வாழ்க்கையால் ஒரே தலையமைப்புக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்ற பெரிய உண்மையை அவள் தானே கண்டுபிடித்தாள். பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்றதால்தான் அது நடந்தது.

முதலை நமக்கு அந்நியமும் அன்று. அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு என்பது கரையோர மக்களுக்குத் தெரிந்ததே. அகன்ற மூக்குடைய அந்தச் சதுப்புநில முதலை, கரையில் வளை தோண்டி வறண்ட மாதங்களைக் கழிக்க வல்லது. ஆண்டு முழுவதும் ஒரே சீராகத் தண்ணீர் ஓடாத ஆற்றில் அது தாக்குப்பிடிக்க இது பெரும் துணை. கங்கை முதலையின் மூக்கோ ஒடுங்கி நீண்டது, தண்ணீருக்குள் பக்கவாட்டில் வேகமாக வீசி மீன் பிடிப்பதற்கு ஏற்றது. மாமல்லபுரம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், ரோமுலஸ் விட்டேக்கர் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணையில் இரண்டையும் ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இங்கே ஆசிரியர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. முதலை மறைந்திருக்க விரும்பியதால் அதன் கண் மேலே ஏறியது, ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிப் பார்த்ததால் கழுத்து நீண்டது என்று பிள்ளைகள் எளிதில் எண்ணிவிடுகிறார்கள். நாமும் அவசரத்தில் அப்படியே சொல்லிவிடுகிறோம். விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விதைநெல்லைக் கொண்டு விளக்கலாம். மழை வெள்ளத்தில் சில நாள் மூழ்கிய சம்பா வயலில் எந்தப் பயிரும் முயன்று உறுதியாவதில்லை. அழுகாமல் நிற்கக்கூடிய தன்மையோடு பிறந்த பயிர் நிற்கிறது, அதன் நெல்லே அடுத்த போகத்துக்கு விதையாகிறது. வயலில் பொறுக்கி எடுக்க விவசாயி இருக்கிறார். காட்டிலும் ஆற்றிலும் அந்த வேலையை வெயிலும் பசியும் பகையும் எண்ணற்ற தலைமுறைகளாகச் செய்துவருகின்றன.

வண்டலூரில் நான் நெடுநேரம் நிற்க வைக்கும் மற்றோர் இடம் சிங்கவால் குரங்கின் அடைப்பு. நம் கோயில் கோபுரங்களில் திரியும் நாட்டுக்குரங்கு தேங்காய்ச் சில்லும் தின்னும், பிடுங்கிய பொட்டலமும் தின்னும், எங்கும் பிழைக்கும். சிங்கவால் குரங்கோ மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில், பெரும்பாலும் மர உச்சிகளிலேயே வாழ்வது. உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாதது. ஓர் இடத்துக்கு மிக நன்றாகப் பொருந்திவிட்ட உயிருக்கு, அந்த இடம் போய்விட்டால் போக்கிடம் இல்லை. ஒட்டகத்தின் திமிலில் இருப்பது தண்ணீர் அன்று, கொழுப்பு என்று திருத்துவதைவிட இதை உணர்த்துவது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அடைப்புக்குள் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் விலங்கைப் பார்த்தால் அது அடைபட்டதன் நெருக்கடி, இயற்கைக் குணம் அன்று என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆகவே தலைமையாசிரியர்களிடமும் பெற்றோரிடமும் என் வேண்டுகோள் இதுதான். ஒரு நாளில் மூன்று ஊர் வேண்டாம். சுமார் 600 ஹெக்டேர் பரப்புள்ள வண்டலூரை முழுவதும் சுற்றிவிட முயல வேண்டாம். நான்கைந்து விலங்குகள் போதும். உச்சிவெயிலில் பெரும்பாலானவை படுத்துவிடும் என்பதால் காலையிலேயே வாசலில் இருக்க வேண்டும். அகழிக்கு அப்பால் நிற்கும் விலங்கைப் பார்க்க வகுப்புக்கு ஒரு தொலைநோக்கியாவது வேண்டும். சென்னைப் பயணத்துக்குப் பணம் திரளாத பள்ளிகள் வருந்த வேண்டியதில்லை; நவம்பர் முதல் ஜனவரி வரை வடுவூர் ஏரிக்கரையோ கோடியக்கரையோ போதும், அங்கே பறவைகளும், கோடியக்கரையில் வெளிமானும் தம் இடத்திலேயே நிற்கின்றன. வண்டலூர்தான் என்று முடிவுசெய்தால், செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை என்பதைப் பேருந்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் நினைவில் வையுங்கள்.