சைடு ஸ்டாண்டை விட்டுவிட்டீர்களே
'முன்னால் 19 அங்குல வீல், பின்னால் உயரமான ஷாக் அப்சார்பர் மாட்டினால் போதும், சனி ஞாயிறில் வீட்டிலேயே அட்வென்சர் பைக் தயார்' என்கிறது, சாதாரண பைக்கைக் கரடுமுரடான பாதைக்கு ஏற்ற அட்வென்சர் பைக்காக மாற்றுவது பற்றிய உங்கள் கட்டுரை. என் பழைய 150 சிசி வண்டிக்கு மூன்று மாதம் பிடித்தது. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அலைந்து ஒரு பழைய ஸ்போக் வீல் வாங்கினேன். ஆக்சில் சேரவில்லை, இடைவெளியை நிரப்ப லேத்தில் புஷ் என்ற உலோக வளையம் கடைய வேண்டியதாயிற்று. வண்டி உயர்ந்ததும் சைடு ஸ்டாண்டு குட்டையாகிவிட்டது. தினமும் அதற்கடியில் ஒரு செங்கல் துண்டு வைத்து நிறுத்துவேன். ஒருநாள் வாட்ச்மேன் அதைக் குப்பை என்று எடுத்துப் போட்டுவிட்டார், வண்டி சாய்ந்து கிளட்ச் லீவர் போச்சு. ஸ்பீடோமீட்டர் கேபிள் முன்வீலில் இருந்து வருவதால், வீல் பெரிதானதும் அது வேகத்தையும் குறைத்தே காட்டியது. பின்வீலைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் சரிவு கூடி, செயின் அதன் மேல் இருக்கும் ரப்பரைத் தின்ன ஆரம்பித்தது தனிக்கதை. மேலே பின்னூட்டத்தில் ஒருவர் 'ஆர்டிஓவெல்லாம் கண்டுகொள்ள மாட்டார்கள்' என்று எழுதியிருக்கிறார். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் வந்து பார்க்கும்போது என்ன சொல்வாராம்? நான் பழைய வீலையே திரும்ப மாட்டிவிட்டேன். அதே அளவில், நல்ல பிடிப்புக்குக் கட்டி கட்டியாகப் புடைப்புள்ள பட்டன் டயர், இன்ஜினுக்கு அடியில் ஒரு தகடு, அவ்வளவுதான். வேளச்சேரி பள்ளங்களுக்கு இது தாராளம்.