தண்டம் கட்டி மீட்க ஆளில்லாத குதிரைகள்

போன சனிக்கிழமை இரவு மகளோடு உட்கார்ந்து 'அன்பிராண்டட்' ஆவணப்படத்தை இரண்டாம் முறையாகப் பார்த்தேன். முடிந்த பிறகும் இரண்டு பேருக்கும் எழுந்து போக மனசு வரவில்லை. அன்றிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பதை எழுதிவிடுகிறேன். நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

2015-இல் வந்த படம். பிலிப் பாரிபோ இயக்கியது. டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் படித்த நான்கு இளைஞர்கள் 2013-இல் மெக்சிகோ எல்லையில் கிளம்பி, அரிசோனா, யூட்டா, ஐடஹோ, வயோமிங், மொண்டானா வழியாகக் கனடா எல்லை வரைக்கும் குதிரையிலேயே போகிறார்கள். 3,000 மைல். கூட்டிப் போனது 16 மஸ்டாங்குகள். பந்தயக் குதிரைகளோ பரம்பரைச் சான்றிதழ் உள்ளவையோ இல்லை. பெரும்பாலும் சில மாதங்களுக்கு முன்புவரை மனிதர் கை படாமல் காட்டில் திரிந்து, அரசாங்கம் பிடித்து அடைத்து வைத்திருந்த குதிரைகள். ஒன்றின் விலை 125 டாலர். நல்ல சேணம் ஒன்றின் விலைகூட அதைவிடப் பல மடங்கு.

இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் பென் மாஸ்டர்ஸ். 2010-இல் அவரும் நண்பர்களும் 2,000 மைல் சவாரி ஒன்று போயிருந்தார்கள். நல்ல குதிரைகள் வாங்கக் கையில் காசு போதாமல், மலிவாகக் கிடைக்கிறதே என்று சில மஸ்டாங்குகளைச் சேர்த்துக்கொண்டார்கள். கடைசியில் அவைதான் மற்ற எல்லாக் குதிரைகளையும்விட நன்றாக உழைத்தன. கரடுமுரடான மலையில் பிறந்து வளர்ந்த குதிரைக்குக் குளம்பு கல்லாக இருக்கும். எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்று குட்டியிலேயே தாயோடு நடந்து படித்திருக்கும். உயரம் பெரும்பாலும் குதிரைக்காரர் கணக்கில் 14, 15 கை, அதாவது ஐந்து அடிக்குள்தான். பார்க்க எடுப்பாக இருக்காது. ஆனால் மலைச்சரிவில் ஒற்றையடிப் பாதையில் அதன் முதுகில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும், உயிர் யார் காலில் இருக்கிறது என்று.

முதல் முறை பார்த்தபோது எனக்கு இது சாகசப் படமாகத்தான் பட்டது. கிராண்ட் கேன்யன், பனி மலை, ஆறு, நான்கு பையன்களின் சண்டையும் சமாதானமும். விடுமுறை போட்டுவிட்டு நாமும் கிளம்பலாமா என்று தோன்றியது. இரண்டாம் முறை அப்படிப் பார்க்க முடியவில்லை. நடுவில் ஒரு நாள் நெவாடாவுக்குப் போய் வந்திருந்தேன்.

அதைச் சொல்வதற்கு முன் மஸ்டாங் என்ற பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'மெஸ்தெஞோ' என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. சொந்தக்காரர் இல்லாமல் திரியும் கால்நடை என்று அர்த்தம். நம்மிடம் இதற்கு அச்சு அசலான சொல் உண்டு: கட்டாக்காலி. குதிரை இனம் தோன்றியதே வட அமெரிக்காவில்தான் என்றாலும், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே அது அற்றுப்போனது. பிறகு ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுவந்தார்கள். தப்பியவை, விட்டுவிட்டுப் போனவை, பூர்வகுடி மக்கள் வளர்த்துப் பெருக்கியவை, பின்னாளில் பண்ணைக்காரர்களும் ராணுவமும் கைவிட்டவை எல்லாம் கலந்த வம்சம்தான் இன்றைய மஸ்டாங். இது அந்த மண்ணின் விலங்கா, வந்தேறியா என்று இன்றைக்கும் அங்கே சண்டை ஓயவில்லை.

எனக்கு இந்தச் சண்டை புதிதாகத் தெரியவில்லை. நான் வேதாரண்யத்துக்காரன். கோடியக்கரையில் வெளிமான்களுக்குப் பக்கத்திலேயே மேயும் மட்டக்குதிரைகளைப் பார்த்து வளர்ந்தவன். மானுக்கான புல்லைக் குதிரை தின்கிறது என்ற பேச்சு அங்கேயும் உண்டு. சின்ன வயதில் நான் எப்போதும் குதிரைக் கட்சி. மான் எப்படியும் ஓடிப் பிழைத்துக்கொள்ளும் என்று நினைப்பேன். அது தப்பான நினைப்பு என்று புரியப் பல வருடம் ஆனது.

சரி, நெவாடாவுக்கு வருகிறேன். நாங்கள் இருப்பது சாக்ரமெண்டோவில். மலையைத் தாண்டினால் ரீனோ. அங்கிருந்து வடக்கே பிரமிட் ஏரிக்குப் போகிற சாலையில் பலோமினோ வேலி என்ற இடத்தில், பிடித்துவந்த குதிரைகளை அமெரிக்க அரசின் நில மேலாண்மைத் துறை வைத்துப் பராமரிக்கிறது. பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். மகள் கேட்டாள் என்று அழைத்துப் போனேன்.

குறை சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல வைக்கோல், சுத்தமான தண்ணீர். வேலை செய்கிறவர்கள் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். ஆனால் கண்ணுக்கு எட்டியவரை பட்டி, பட்டிக்குப் பின்னால் பட்டி. இரும்புக் கம்பிக்குள் நூற்றுக்கணக்கான குதிரைகள் மரம் இல்லாத வெட்டவெளியில் நின்றன. எல்லாவற்றின் கழுத்திலும் இடப்பக்கம் வெள்ளையாக ஒரு வரி எழுத்து. திரவ நைட்ரஜனில் குளிரவைத்த இரும்பை வைத்துப் போடும் முத்திரை அது. தோல் புண்ணாகாது. அந்த இடத்தில் முளைக்கும் முடி மட்டும் வெள்ளையாகிவிடும். கோணல் கோணலான அந்தக் குறிகளுக்குள் பிறந்த ஆண்டும் பதிவு எண்ணும் இருக்கின்றன. படத்தின் பேருக்கு 'சூடு போடாதது' என்று பொருள். ஆனால் படத்தில் வருவது இப்படிப் பிடித்துக் குறி போட்டு வைத்திருந்த குதிரைகள்தான். இரண்டாம் முறை பார்த்தபோது என் கண் மலையையோ ஆற்றையோ விட்டுவிட்டு அந்தக் கழுத்துகளையே தேடிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில், பயிரில் இறங்கிய மாட்டைப் பிடித்து அடைக்கிற இடத்துக்குப் பவுண்டு என்பார்கள். பழைய பேர் கொண்டித்தொழு. மாட்டுக்காரர் வந்து தண்டம் கட்டி ஓட்டிக்கொண்டு போவார். கத்தினாலும் ஏசினாலும் எப்படியும் வந்துவிடுவார். பலோமினோ வேலியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. இந்தத் தொழுவில் தண்டம் கட்ட ஒருவரும் வரமாட்டார்கள். கட்டாக்காலி என்ற பேரே அதற்குத்தானே!

படம் எடுத்த காலத்தில் இப்படி அடைபட்டிருந்தவை சுமார் 50,000. 2024-இல் 60,000-க்கும் மேல். வெளியே திரிபவை அதே ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 73,000 (கழுதைகளையும் சேர்த்து). அந்த நிலம் தாங்கும் என்று துறை வைத்திருக்கும் வரம்பு சுமார் 26,000. மந்தை ஆண்டுக்கு 15 முதல் 20 சதவீதம் பெருகுகிறது. நாலைந்து வருடத்தில் இரண்டு மடங்கு. ஹெலிகாப்டரால் விரட்டிப் பிடிக்கிறார்கள், அடைக்கிறார்கள், தத்துக் கொடுக்கிறார்கள். தத்துக்குப் போகாதது ஆயுள் முழுக்க அரசாங்கச் செலவில் நிற்கிறது. திட்டத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தத் தீவனத்துக்கும் பராமரிப்புக்குமே போய்விடுகிறது.

இதெல்லாம் கெட்ட எண்ணத்தில் நடக்கவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

வெல்மா ஜான்ஸ்டன் என்ற பெண்மணியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரீனோவில் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் செயலாளராக இருந்தவர். சின்ன வயதில் போலியோ தாக்கி உடல் வளைந்துபோனவர். 1950-இல் ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில் முன்னால் போன கால்நடை வண்டியிலிருந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்தார். பின்னாலேயே போனார். உள்ளே மஸ்டாங்குகள், இறைச்சிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. நாய், பூனைத் தீனிக்காக அப்போது விமானத்தாலும் லாரியாலும் விரட்டிக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதோடு விடவில்லை. ஊர் ஊராகப் பேசினார். 'காட்டுக்குதிரை ஆனி' என்று கேலியாக வைத்த பேரையே கௌரவமாக எடுத்துக்கொண்டார். வண்டியாலும் விமானத்தாலும் வேட்டையாடக் கூடாது என்று 1959-இல் முதல் சட்டம் வந்தது. பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாடெங்கிலுமிருந்து கடிதம் எழுதிக் குவித்தார்கள். 1971-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் முழுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. நிக்சன் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டம் வந்திருக்காவிட்டால் இன்றைக்கு மஸ்டாங் என்ற பேர் மகிழுந்து மாடலாக மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கொல்லாதே என்று சொன்ன சட்டத்தால், மேய இடம் எவ்வளவு, பெருகினால் என்ன செய்வது என்ற கேள்விகளைத் தீர்த்துவைக்க முடியவில்லை. ஐம்பது வருடம் அந்தக் கேள்விகளைத் தள்ளிப் போட்டதன் விளைவுதான் நான் பார்த்த பட்டிகள்.

படம் இந்த இடத்தில் நேர்மையாக இருக்கிறது. சவாரியை நிறுத்தி நிறுத்தி, மாட்டுப் பண்ணைக்காரர், குதிரை ஆர்வலர், அதிகாரி என்று எல்லோரையும் பேசவிடுகிறது. வறண்ட பூமியில் ஊற்று காய்ந்துபோனால் குதிரையும் சாகும், மானும் சாகும் என்று ஒருவர் சொன்னால் அதையும் கேட்க வேண்டியிருக்கிறது. எல்லாப் பழியையும் குதிரைமேல் போடாதீர்கள், அதே நிலத்தில் எத்தனை மாடு மேய்கிறது என்று இன்னொருவர் கேட்டால் அதற்கும் பதில் வேண்டும்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். மாட்டுக் கணக்கைத் தொடாமல் குதிரைக் கணக்கை மட்டும் பேசுவது அநியாயம். நம் ஊர் மேய்க்கால் புறம்போக்கு போலத்தான் அதுவும், பொது நிலம். அதில் 15.5 கோடி ஏக்கர் தனியார் கால்நடைகள் மேயத் திறந்திருக்கிறது. குதிரைக்கு ஒதுக்கிய பகுதி சுமார் 2.7 கோடி ஏக்கர், அதிலும் மாடுகள் மேய்கின்றன. ஒரு மாடும் கன்றும் ஒரு மாதம் மேய்வதற்குப் பண்ணைக்காரர் கட்டிய கட்டணம் பல ஆண்டுகளாக 1.35 டாலர். ஒரு காபி வாங்க முடியாத காசு. பண்ணைக் குடும்பங்களின் பிழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. கால்நடை வைத்திருந்த வீட்டிலிருந்து வந்தவன்தான் நானும். ஆனால் புல் பற்றாக்குறை என்றால் பந்தியில் உட்கார்ந்திருக்கும் எல்லோருடைய இலையையும் பார்க்க வேண்டும்.

அதே சமயம், குதிரையைத் தொடவே கூடாது என்று சொல்லும் நண்பர்களோடும் என்னால் நிற்க முடியவில்லை. இங்கேதான் பென் மாஸ்டர்ஸ் என்னை உலுக்கினார். அவர் பிற்பாடு அரசின் காட்டுக்குதிரை ஆலோசனைக் குழுவில் உறுப்பினர் ஆனார். 2016 செப்டம்பரில் அந்தக் குழு, தத்துக்குப் போகாத குதிரைகளை விற்கலாம், அல்லது வலியில்லாமல் கொன்றுவிடலாம் என்று பரிந்துரைத்தது. மஸ்டாங் முதுகில் 3,000 மைல் போன அதே மனிதர் அதற்கு ஆதரவாக வாக்களித்தார். எதிர்த்தவர் ஒரே ஒருவர், ஜிஞ்சர் கேத்ரென்ஸ். நாடே கொதித்தது. துறையும் அப்படிச் செய்யமாட்டோம் என்று அறிவித்தது.

முதலில் இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது, துரோகம் என்றுகூட நினைத்தேன். பலோமினோ வேலிக்குப் போய் வந்த பிறகு அந்த வார்த்தையை எடுத்துவிட்டேன். அவர் மேய்ச்சல் நிலத்தைக் கண்ணால் பார்த்தவர். புல் போன பூமியில் நிற்கும் ஒட்டிப்போன குதிரையையும் பார்த்திருப்பார். அவருடைய முடிவை நான் ஏற்கவில்லை, இன்றைக்கும் கேத்ரென்ஸ் பக்கம்தான் என் கை உயரும். ஆனால் குதிரைமேல் அன்பில்லாமல் அவர் அப்படிச் செய்தார் என்று யாராவது சொன்னால் நான் மறுப்பேன்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. இவர்கள் மலையில் போய்க்கொண்டிருந்த அதே 2013-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமியின் ஆய்வுக் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. பிடித்துப் பிடித்து அகற்றுவதால் மிச்சமிருப்பவற்றுக்குப் புல் தாராளமாகி மந்தை இன்னும் வேகமாகப் பெருகுகிறது, கருத்தடைக்குப் போங்கள் என்று அது தெளிவாகச் சொன்னது. பிஸெட்பி என்று ஒரு தடுப்பூசி இருக்கிறது. பன்றிக் கருமுட்டையின் உறையிலிருந்து எடுப்பது. துப்பாக்கியில் ஊசியை வைத்துத் தூரத்திலிருந்தே பெண் குதிரையின் பின்தொடையில் போடலாம். குதிரை துள்ளிவிட்டுத் திரும்ப மேயப் போய்விடும். அட்லாண்டிக் கரையோரம் அசட்டீக் தீவின் மேரிலாந்துப் பகுதியில் இதை வைத்தே மந்தையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ரீனோ பக்கத்து வர்ஜீனியா மலைத்தொடரில் 2019-லிருந்து தன்னார்வலர்கள் குதிரை குதிரையாக அடையாளம் வைத்துக்கொண்டு ஊசி போட்டுவருகிறார்கள். கஷ்டமான வேலை. மருந்தைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும், நெவாடா போன்ற பரந்த பூமியில் குதிரையை நெருங்குவதே பெரும்பாடு. ஆனாலும், பட்டியில் நிற்கும் குதிரைக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை இதற்குத் திருப்பினால், பிடிக்கவேண்டிய குதிரையே வருடா வருடம் குறையும். இதை ஏன் முழு மூச்சாகச் செய்யவில்லை என்பதுதான் என் ஒரே கேள்வி.

நான்கு பையன்களின் சவாரியால் 60,000 குதிரைக்கும் வீடு கிடைத்துவிடாது. படமும் அப்படி வேஷம் போடவில்லை. ஆனால் யாருக்கும் வேண்டாம் என்று 125 டாலருக்கு விலைபோன குதிரையால் என்ன முடியும் என்று அது காட்டிவிட்டது. டொராண்டோவின் ஹாட் டாக்ஸ் விழாவில் பார்வையாளர் விருது கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் சிலராவது ஊருக்குப் போய்த் தத்து விண்ணப்பத்தை நிரப்பியிருப்பார்கள் என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

"நாமும் ஒண்ணு எடுத்துக்கலாமாப்பா?" என்று பலோமினோ வேலிக்குப் போன அன்றே மகள் கேட்டாள். ஒரு குதிரைக்குக் குறைந்தது 400 சதுர அடித் தொழுவம் வேண்டும், பழக்காத பெரிய குதிரைக்கு ஆறு அடி வேலி வேண்டும், நாம் இருப்பது இரண்டாம் மாடி என்று சொன்னேன். வண்டியில் வீடு வரும்வரை அவள் பேசவில்லை.

படம் பார்த்த மறுநாள், வெல்மா ஜான்ஸ்டனுக்காகக் கடிதம் எழுதிய பிள்ளைகள் எத்தனை வயதுக்காரர்கள் என்று கேட்டாள். உன் வயதுதான் இருக்கும் என்றேன். மேஜையில் உட்கார்ந்து எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினாள். ஊசிக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி, மாடுகளையும் சேர்த்து எண்ணச் சொல்லி. எழுத்துப்பிழை மட்டும் பார்த்துக் கொடுத்தேன். நேற்று தபாலில் போட்டோம். கடைசி வரியில், நாங்கள் போன அன்று கம்பி ஓரமாக வந்து நின்ற சாம்பல் நிறப் பெட்டைக் குதிரையை யாராவது கூட்டிப் போய்விட்டார்களா என்று விசாரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறாள்.