போன்சாய்க்குப் பாவம் பார்க்கிறவர்களுக்கு

தட்டில் குட்டையாக வளர்க்கும் போன்சாய் மரத்தைக் கண்டதும் "ஐயோ பாவம், வளரவிடாம பண்ணிட்டாங்களே" என்று உச்சுக்கொட்டுவது நம் ஊரில் வழக்கமாகவே ஆகிவிட்டது. அத்தையைக் கூட்டிக்கொண்டு தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி கதீட்ரல் சாலை செம்மொழிப் பூங்காவுக்குப் போயிருந்தேன் (2010-இல் திறந்தது, எங்கள் தெருவில் பலர் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை). அங்கேயும் போன்சாய்களுக்கு முன்னால் அதே பாட்டுதான். அத்தை மட்டும் "இதுக்கெல்லாம் தெனம் யாரு கண்ணு தண்ணி ஊத்துறாங்க?" என்று கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். தட்டில் இருப்பது கொஞ்சம் மண், நம் வெயிலில் ஒரு நாள் தண்ணீர் தவறினாலே இலை கருகும், அதற்காக அதிகமாக ஊற்றித் தேங்கவிட்டாலும் வேர் அழுகும். சில வருடங்களுக்கு ஒருமுறை மரத்தை வெளியே எடுத்து, வேரை நறுக்கி, புது மண்ணில் வைக்க வேண்டும். கிளையை வளைக்கச் சுற்றிய கம்பியைப் பட்டைக்குள் பதிவதற்குள் வெட்டி எடுத்துவிட வேண்டும். இது குள்ள ஜாதி மரமும் இல்லை, தட்டில் இருக்கும் அதே ஆலமரத்தைத் தரையில் நட்டால் விறுவிறுவென்று வளரும். இலை சிறுத்தாலும் பழம் அவ்வளவாகச் சிறுக்காது என்பது கூடுதல் வேடிக்கை.

வாஷிங்டன் போன்சாய் அருங்காட்சியகத்தில் 1625-இலிருந்து தட்டில் வளர்க்கப்படும் ஒரு பைன் மரம் இருக்கிறது. 1945-இல் குண்டு விழுந்தபோது அது இருந்தது ஹிரோஷிமாவில், யாமாகி குடும்பத்துத் தோட்டத்தில். அந்தக் குடும்பம் 1976-இல் அதை அமெரிக்காவுக்கே பரிசாகக் கொடுத்தது. தலைமுறை தலைமுறையாக யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

இப்போது நம் ஏரியா மரங்களைப் பாருங்கள். நடைபாதை போட வந்தவர்கள் புங்கமரத்தின் கழுத்துவரை சிமென்ட் பூசிவிட்டுப் போகிறார்கள், கரண்ட் கம்பியில் படுகிறதென்று ஒரு பக்கம் மட்டும் கிளையை வெட்டுகிறார்கள், டியூஷன் போர்டு, கேபிள் ஒயர், ஆணி எல்லாம் அதே மரத்தில்தான். 2016-இல் வர்தா புயல் வந்தபோது சாய்ந்த மரங்கள் எத்தனை! வேர் இறங்க இடமில்லாத மரம் காற்றுக்கு எப்படி நிற்கும்? அதற்கு ஒருவரும் உச்சுக்கொட்டவில்லை, கார் மேல் விழுந்ததே என்றுதான் கத்தினோம்.

இன்னொன்று. மண்ணடி, ராயபுரம் பக்கம் பழைய கட்டடச் சுவரிலெல்லாம் அரசும் ஆலும் தானாக முளைத்து நிற்கின்றன, வெட்டி ஆசிட் ஊற்றுகிறோம். போன்சாய் வளர்ப்பவர்கள் இப்படிச் சுவரில் முளைத்த கன்றுகளைத்தான் தேடிப் பெயர்த்து எடுக்கிறார்கள். வடசென்னைப் பூங்கா ஒன்றில் அவற்றையே தட்டுகளில் வைத்து ஒரு பகுதி அமைக்கலாமே. பெரிய செலவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் வந்து தண்ணீர் ஊற்ற நிரந்தரமாக ஒரு தோட்டக்காரரைப் போட வேண்டும், அது முடியாதென்றால் ஆரம்பிக்கவே வேண்டாம்.